அண்ணி சொல்லாத ‘வேண்டாம்’

என் அண்ணிக்குச் சண்டை போடத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சலவைக் கடையின் முன்மேசையில் அவள் உட்கார்ந்திருக்கும்போது வந்து பார்க்க வேண்டும். ரசீது இல்லாமல் துணியைக் கேட்டு வருகிறவர் பெரிய அதிகாரியாக இருக்கட்டும், கடை முதலாளியின் மச்சானாகவே இருக்கட்டும், “ரசீது கொண்டு வாங்க, துணி கொண்டு போங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள். குரல் துளிகூட உயராது. கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம், இப்படி மெதுவாகப் பேசுகிறவர்களிடம் மோதிப் பார்த்தால்தான் தெரியும். நான் அதே கடையில் பின்கட்டில் நீராவி இஸ்திரியோடு மல்லுக்கட்டுகிறவள். முன்னால் யாராவது எகிறுகிற சத்தம் கேட்டால் நான் எழுந்துகூடப் பார்க்க மாட்டேன். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும்.

அதே அண்ணி மேசைக்கு மறுபக்கம் போய் நின்றால் வேறு ஆள். வங்கியோ, மருத்துவமனையோ, பள்ளிக்கூடமோ, எங்கே போனாலும் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு நிற்பாள். நம்மால் யாருக்கும் ஒரு சிரமம் வந்துவிடக் கூடாது என்பதில் அப்படி ஒரு கவனம். பேருந்தில் காலை மிதித்தவரிடம் இவள் மன்னிப்புக் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு இதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். ஏன் அண்ணி, உங்க கால்தானே வலிக்குது என்றால், “விடு, அவருக்கு என்ன அவசரமோ” என்பாள்.

அண்ணன் கப்பலில் சமையற்காரர். கரைக்கு வரும்போதுதான் போன் பேசுவார், அதுவும் பாதிப் பேச்சில் அறுந்து போகும். அதனால் மருந்துக் கடைக்கு மேலே இருக்கிற எங்கள் இரண்டு அறையில் அண்ணி, நான், அண்ணியின் மகள் என்று மூன்று பேர்தான் எப்போதும். மகளை வீட்டில் டாக்டர் என்று கூப்பிடுவோம். கிண்டலுக்குத் தொடங்கியது ஒட்டிக்கொண்டுவிட்டது.

எங்கள் சலவைக் கடைக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை. விடுமுறையில் அங்கே போய்க் கண்ணாடி துடைக்க ஆரம்பித்தவள், கண் பரிசோதிக்கிற பெண்மணியின் பக்கத்தில் நின்று நின்று அந்த வேலையின் மேல் பைத்தியமாகிவிட்டாள். அதன்பிறகு எங்கள் கண்களை அவள் படுத்தாத பாடு இல்லை. ஒரு கண்ணை மூடச் சொல்வாள். எதையோ கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, சுவரில் இருக்கிற நாட்காட்டியைப் படிக்கச் சொல்வாள். “இப்பத் தெளிவா, முன்னாடி தெளிவா?” என்பாள். “ரெண்டும் ஒண்ணாத்தாண்டி இருக்கு” என்று நான் சலித்துக்கொண்டால், “அத்தை, அப்படிச் சொல்லக் கூடாது, ஏதாவது ஒண்ணைச் சொல்லணும்” என்று அதட்டுவாள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவள் முகத்தில் விளக்கு எரியும்.

பள்ளிப் பாடங்களில் சுமார் ரகம். ஆயிரம் பேரோடு பரீட்சை எழுதி முட்டி மோதி அந்தப் படிப்புக்குள் நுழைய முடியாது என்று அவளுக்கே தெரியும். அவளுக்கு இருந்த ஒரே வாசல், பள்ளியில் நடக்கும் முன்சேர்க்கைத் திட்டம். கடைசி வருடப் பிள்ளைகளில் சிலரைப் பொறுக்கி எடுத்து, பள்ளி முடிந்த பிறகு மாலையில் கல்லூரிக்கு அனுப்புவார்கள். அங்கே செய்முறை வகுப்பை ஒழுங்காக முடித்தால் மறுவருடம் அதே கல்லூரியில் நேராக இடம். கண் பரிசோதனைப் படிப்பும் அதில் இருந்தது. தேர்வு நாளன்று கல்லூரியிலிருந்து வந்தவர்கள் முன்னால் இவள் கையால் செய்து காட்டியதைப் பார்த்து, அவர்களில் ஒருவரே “எங்கம்மா கத்துக்கிட்டே?” என்று கேட்டாராம். தேர்வானவர்கள் பெயர் பள்ளிப் பலகையில் வந்தது. டாக்டரின் பெயரும் இருந்தது. அன்று எங்கள் வீட்டில் யாரும் தரையில் நடக்கவில்லை.

சில நாள் கழித்து அண்ணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. நான் பின்னால் இஸ்திரியை இறக்கிக்கொண்டிருந்தேன். நீராவி சீறுகிற சத்தத்துக்கு நடுவே அண்ணி ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசியது அரைகுறையாகக் கேட்டது. “சொல்லுங்க... ஆமாங்க... அப்படிங்களா... பரவாயில்லைங்க... சரிங்க, ரொம்ப நன்றிங்க.” வைத்துவிட்டு என்னிடம் வந்து, கல்லூரிக்குப் பள்ளி வண்டி போகாதாம், நாம்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம் என்றாள். அதற்கென்ன, என் ஸ்கூட்டர் சும்மாதானே நிற்கிறது என்றேன். முதலாளியிடம் சொல்லி வேலை நேரத்தைக்கூட மாற்றி வைத்துக்கொண்டோம்.

கல்லூரிக்குப் போகப் போகிறவர்களின் இறுதிப் பட்டியலை ஒட்டிய அன்று, டாக்டர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“என் பேர் இல்ல.”

“ஒழுங்காப் பாத்தியா?” என்றேன் நான்.

“எத்தனை தடவை அத்தை பாக்கறது? எல்லார் பேரும் இருக்கு. என் பேர் இருந்த இடம் மட்டும் காலியா இருக்கு.”

மறுநாள் காலையிலேயே மூன்று பேரும் பள்ளிக்குப் போனோம். அலுவலகத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு. பேசுவதற்கு அதில் ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். அது இடுப்பு உயரத்தில் இருக்கிறது. குழந்தைகள் பள்ளி என்று நினைத்துக் கட்டினார்களோ, வருகிறவர்கள் வணங்கித்தான் நிற்க வேண்டும் என்று கட்டினார்களோ, தெரியாது. பெற்றோர்கள் எல்லாரும் ஒடிந்து குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பேச வேண்டும். உள்ளே இருந்த அலுவலகப் பெண் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தாள். நெற்றிக்கண் என்று நான் அப்போதே பெயர் வைத்துவிட்டேன்.

அண்ணி குனிந்து, மகளின் பெயரைச் சொல்லி, ஏதோ தவறிப் போயிருக்கிறது போலிருக்கிறது என்றாள். நெற்றிக்கண் கணினியைத் தட்டிப் பார்த்தாள்.

“இல்லையேங்க. பெற்றோருக்கு விருப்பமில்லைன்னு இருக்கே. நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க?”

“நானா?” என்றாள் அண்ணி.

“ஆமாங்க, நான்தான் போன் பண்ணினேன். பள்ளி வண்டி போகாது, நீங்களேதான் கொண்டுவிட்டுக் கூட்டிட்டு வரணும், கஷ்டமா இருந்தா சொல்லுங்க, காத்திருக்கற வேற பிள்ளைக்குக் கொடுத்துடறோம்னேன். நீங்க ‘பரவாயில்லைங்க’ன்னீங்க. நன்றி வேற சொன்னீங்க.”

எனக்கு உச்சந்தலை சூடேறியது. அண்ணியை நகர்த்திவிட்டு நான் குனிந்தேன்.

“பரவாயில்லைன்னா சரின்னுதாங்க அர்த்தம். கஷ்டமானாலும் பரவாயில்ல, நாங்க பாத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க. தமிழ்தானே பேசறோம் ரெண்டு பேரும்?”

நெற்றிக்கண் கோபப்படவில்லை. “அக்கா, உங்க வீட்டுக்கு வந்தவங்ககிட்ட தண்ணி குடிக்கிறீங்களான்னு கேக்கறீங்க. அவங்க பரவாயில்லைங்கன்னா நீங்க தண்ணி கொண்டு வருவீங்களா, வர மாட்டீங்களா?”

டாக்டர் பின்னாலிருந்து மெதுவாக, “வேற பிள்ளைக்குக் கொடுத்தாலும் பரவாயில்லைன்னு எடுத்துக்கிட்டாங்க” என்று எங்களுக்கு விளக்கம் சொன்னாள். அண்ணியின் முகத்தில் ரத்தம் இல்லை. தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல், தன் மகளின் இடத்தைக் கொண்டுபோய் விட்டது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் யாரையும் திட்டவில்லை. ஓட்டையில் மறுபடி குனிந்து, “இப்பச் சொல்றேங்க, வேணும். போட்டுடுங்க” என்றாள்.

அப்படி ஒரு பொத்தான் அந்தக் கணினியில் இல்லை. ‘விருப்பம்’ என்பதை ‘விருப்பமில்லை’ ஆக்க நெற்றிக்கண்ணால் முடியும். திருப்பி மாற்றத் தலைமையாசிரியர்தான் வேண்டும்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். அதுதான் பெரிய தொல்லை. மோசமான மனிதராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருக்கலாம். உட்காரச் சொன்னார், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், டாக்டரைப் பார்த்து வருத்தப்பட்டார். “எனக்கு மனசு இருக்கும்மா. இந்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன். ஆனா கோப்பு என் மேசைக்கு வரணுமே” என்றார். கோப்பு ஏன் வராது என்று கேட்டதற்கு அது நெற்றிக்கண்ணுக்குத்தான் தெரியும் என்றார். திரும்பவும் ஓட்டைக்கு வந்தோம். மறுப்பை ரத்து செய்ய விண்ணப்பம் கொடுக்கலாம், ஆனால் அதோடு மறுப்புக் கடிதத்தின் நகலை இணைக்க வேண்டும் என்றாள்.

“எந்த மறுப்புக் கடிதம்?” என்றேன்.

“வேண்டாம்னு நீங்க எழுதிக் கொடுக்கற கடிதம்.”

“நாங்கதான் வேண்டாம்னு சொல்லவே இல்லையே!”

“அதாங்க, அது இல்லாம கோப்பு நகராது.”

கல்லூரியிலேயே கேட்டுவிடலாம் என்று ஸ்கூட்டரில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போனோம். அங்கே குளிரூட்டிய அறையில் இருந்த இளைஞன் மிகவும் மரியாதையாக, பள்ளி அனுப்புகிற பட்டியலைத்தான் அவர்கள் பார்ப்பார்கள், தனி ஆளைச் சேர்க்க முடியாது, வாரக் கடைசிக்குள் பட்டியல் வந்துவிட வேண்டும் என்றான். “பள்ளியில பேசிப் பாருங்கம்மா, அவங்க நினைச்சா முடியும்” என்று வாசல்வரை வந்து சொன்னான். எல்லாருக்கும் மனசு இருந்தது. ஒருவரிடமும் சாவி இல்லை. திரும்பி வரும் வழியில் அண்ணி என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்த போன் பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். “சரிங்க, கூட்டிட்டு வரோம்னு சொல்லியிருக்கணும். எங்களுக்குச் சம்மதம்னு சொல்லியிருக்கணும்.” சிவப்பு விளக்குக்காக வண்டி நின்ற இடத்திலெல்லாம் அது காதில் விழுந்தது.

மதிய இடைவேளை முடிந்து ஓட்டையின் கதவைத் திறந்ததும் நெற்றிக்கண்ணே எங்களைக் கூப்பிட்டாள். இந்த முறை வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் மாணவர்கள் போகிற வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாள். எழுத்தில் மறுப்பு வாங்காமல் கணினியில் ஏற்றியது அவள் செய்த தவறு. அவள் தற்காலிக வேலையில் இருக்கிறவள், இந்த வருடம்தான் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் புகார் கொடுக்கலாம். கொடுத்தால் நியாயம் எங்கள் பக்கம்தான் இருக்கும். ஆனால் புகாரை விசாரிக்கிற குழு அடுத்த மாதம்தான் கூடும். அதற்குள் பட்டியல் கல்லூரிக்குப் போய்விடும்.

“அதனால இப்ப ஒரு மறுப்புக் கடிதம் எழுதிக் கொடுங்க. நான் கோப்புல வெச்சுடறேன். அப்புறம் ரத்து விண்ணப்பம் கொடுங்க. சார் கையெழுத்துப் போட்டுடுவார். எல்லாம் சரியாயிடும்.”

“வெட்டாத குழியை மூடணும்னா முதல்ல வெட்டிக் கொடுக்கணுமா?” என்றேன். “அண்ணி, கையெழுத்துப் போடாதீங்க. இவங்க தப்பை நம்ம தலையில கட்டறாங்க. போட்டுட்டா அப்புறம் நாம நிஜமாவே வேண்டாம்னு சொன்னதா ஆயிடும்.”

நெற்றிக்கண் என்னைப் பார்க்கவில்லை, அண்ணியைத்தான் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், யாரிடம் பேசினால் நடக்கும் என்று. அண்ணியோ அவளைப் பாவமாகப் பார்த்தாள். எனக்கு அங்கேயே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. இந்த உலகத்தில் அவளுக்குப் பாவம் என்று தோன்றாத ஆள் யாராவது இருக்கிறார்களா?

ஆனால் நியாயமாகச் சொன்னால், அண்ணி இரக்கத்தால் மட்டும் அதைச் செய்யவில்லை. வேறு வழி இருந்தால் காட்டு என்று என்னிடம் கேட்டாள். நான் யோசித்தேன். புகார் கொடுத்தால் குழு, குழு கூடுவதற்குள் பட்டியல். கொடுக்காவிட்டால் கோப்பு, கோப்புக்கு இந்தக் கடிதம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். என்னால் வாய் கிழியப் பேச முடிந்தது, வழி காட்ட முடியவில்லை.

தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து அண்ணி எழுதினாள். டாக்டர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தாள். ‘என் மகளுக்கு இத்திட்டத்தில் சேர விருப்பம்’ என்பதுவரை வந்ததும் அண்ணியின் கை நின்றுவிட்டது.

“இல்லைன்னு எழுதும்மா” என்றாள் டாக்டர்.

“எப்படிடி எழுதறது?”

“எழுதினாத்தானே அழிக்க முடியும். எழுதும்மா.”

கீழே மாணவியின் கையெழுத்தும் வேண்டும் என்றாள் நெற்றிக்கண். டாக்டர் சின்னப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, தனக்கு விருப்பமில்லை என்று எழுதியதற்குக் கீழே அழகாகத் தன் பெயரை எழுதினாள். அடுத்ததாக ரத்து விண்ணப்பத்தை எழுதப் போனோம். அப்போதுதான் நெற்றிக்கண் இன்னொன்றைச் சொன்னாள். மறுத்த தேதியிலேயே ரத்தும் கொடுத்தால் கணினி ஏற்றுக்கொள்ளாது. நாளைக் காலையில் வர வேண்டும்.

அன்று வீட்டில் டாக்டர் மட்டும் தைரியமாக இருந்தாள், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டாள். ரத்து விண்ணப்பத்தை அவளே எழுதி, உதட்டுக்குள் படித்துப் பார்த்து, இரண்டு அர்த்தம் வரும்படி எந்தச் சொல்லும் இல்லை என்று எங்களுக்கு உறுதி சொன்னாள். அண்ணி அதைக் கைப்பைக்குள் வைத்துவிட்டுச் சமையல் வேலையைப் பார்த்தாள். சாப்பாட்டில் உப்பு இல்லை.

மறுநாள் நாங்கள் போனபோது நெற்றிக்கண் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. எங்களை ஓட்டைக்கு வெளியே நிற்க வைக்காமல் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டால் நல்ல சேதி கிடையாது என்பது எனக்குத் தெரியும். நாங்கள் சலவைக் கடையிலும் துணி எரிந்துபோனால் அப்படித்தான் செய்வோம்.

“சத்தியமா எனக்குத் தெரியாதுங்க” என்றுதான் ஆரம்பித்தாள்.

நேற்று மதியம்வரை அது காகிதம் இல்லாத மறுப்பு. அதனால் அந்த இடம் யாருக்கும் போகாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை அவள் ஏற்றியதும் மறுப்பு முழுசாகிவிட்டது. இடம் தானாகவே கழன்று, காத்திருந்த ஒரே பிள்ளையின் பெயருக்குப் போய்விட்டது. நான் நேற்று என்ன சொன்னேன் என்று கேட்க வாயெடுத்தேன். அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மென்று விழுங்கினேன்.

“இன்னும் ஒண்ணும் முடிஞ்சு போயிடலங்க” என்றாள் நெற்றிக்கண். “அந்தப் பிள்ளையோட அப்பாவுக்கு நான் இப்ப போன் பண்ணிக் கேக்கணும். அவர் வேண்டாம்னுட்டா, அடுத்தது உங்க ரத்து விண்ணப்பம்தான். சார் கையெழுத்து ரெடி. உடனே ஏத்திடுவேன்.”

இப்படி ஒரு தவறு நடந்ததனால், இனிமேல் பெற்றோரிடம் போன் பேசும்போது சத்தத்தை வெளியே கேட்கும்படி வைத்து, பக்கத்தில் ஒரு ஆளையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தாராம். அன்று பக்கத்தில் வேறு ஆள் இல்லை. நாங்கள்தான் இருந்தோம். டாக்டர் அண்ணியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

மணி அடித்தது. எடுத்தவரைச் சுற்றி இரும்பை அடிக்கிற சத்தம். ஏதோ பட்டறை.

“சொல்லுங்க மேடம்.”

நெற்றிக்கண் எல்லாவற்றையும் சொன்னாள். பெண்ணுக்கு இடம் வந்திருக்கிறது, பள்ளி வண்டி கிடையாது, மாலையில் நீங்களேதான் கொண்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். சொல்லிவிட்டு, கஷ்டமாக இருந்தால் சொல்லுங்கள் என்றாள். அதை மட்டும் அழுத்திச் சொன்னாள் என்று எனக்குத் தோன்றியது.

பட்டறைச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. “சாயங்காலமா மேடம்... எனக்கு அந்நேரம் ஷிப்ட்டு... ம்... சரிங்க. பாத்துக்கலாம்ங்க.”

நெற்றிக்கண் போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களை நிமிர்ந்து பார்த்தாள். உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். “பாத்துக்கலாம்னா... அப்புறம் பாக்கலாம், இப்ப வேண்டாம்னுதானே?”

அவள் எங்களுக்கு நல்லது செய்ய நினைத்தாள். அது எனக்குப் புரிந்தது. அந்த மனிதர் சொன்னது இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். இந்த அறையில் நாலு பேர் இப்படித்தான் என்று முடிவு செய்தால் இப்படித்தான். எங்களுக்கு நடந்ததும் அதுதானே? நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், இன்னொரு முறை கேட்டாலும் ஆட்டுவேன். அவர் யாரோ, அவர் பெண் யாரோ. இவள் நான் தூக்கி வளர்த்தவள்.

நெற்றிக்கண் பேனாவை எடுத்தாள். நாற்காலி முதுகில் டாக்டரின் விரல்கள் வெளுத்திருந்தன. நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்திய கைக்குள்ளிருந்து இரும்புச் சத்தம் மங்கலாகக் கேட்டது. “மேடம்? லைன்ல இருக்கீங்களா?” என்று அந்தக் குரல் கேட்டது. அண்ணியின் உதடு அசைந்து அடங்கியது. மறுபடி அசைந்தது. சும்மா இருங்க அண்ணி, இந்த ஒரு தடவை சும்மா இருங்க என்று எனக்குள் கும்பிட்டேன்.

“அவர்கிட்ட நேராக் கேளுங்கம்மா” என்றாள் அண்ணி. “வேணுமா, வேண்டாமான்னு கேளுங்க.”

நெற்றிக்கண் அவளையே ஒரு நொடி பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள். “சார், தெளிவாச் சொல்லுங்க. வேணுமா, வேண்டாமா?”

“வேணும்ங்க!” பட்டறைச் சத்தத்தையும் மீறிக்கொண்டு வந்தது குரல். “ஐயோ, வேணும்ங்க மேடம். நான் ஷிப்ட்ட மாத்திக்கறேன். பொண்ணு அழுதுட்டுக் கிடக்கு வீட்ல. வேணும்ங்க. எழுதிக்கிட்டீங்களா? வேணும்னு எழுதிக்கிட்டீங்களா?”

“எழுதிட்டேன் சார்” என்றாள் நெற்றிக்கண்.

போனை வைத்த பிறகு எங்கள் ரத்து விண்ணப்பத்தை என்ன செய்வது என்று நான்தான் கேட்டேன். வந்ததை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதியாம். முத்திரை குத்தி, மறுப்புக் கடிதத்துக்கு மேலே வைத்துக் கோர்த்து, கோப்பை மூடினாள். “அக்கா, என்னை மன்னிச்சுடுங்க” என்றாள் அண்ணியிடம். அண்ணி தலையை மட்டும் அசைத்தாள். டாக்டர் அதற்கு முன்பே வெளியே போய்விட்டிருந்தாள்.

ஸ்கூட்டரை எடுக்கப் போன என்னிடம் டாக்டர் நடந்து வருகிறேன் என்றாள். அவளைத் தனியே விட மனசில்லாமல் நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அண்ணி நடுவில் வந்தாள். பள்ளிச் சுவர் நீளமானது. எனக்குக் கோபம் தீரவில்லை. யாரோ ஒரு பட்டறைக்காரனுக்குப் பார்க்கத் தெரிந்த நியாயம், பெற்ற பெண்ணுக்கு இல்லாமல் போயிற்றே என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே வண்டியைத் தள்ளினேன்.

முனையில் திரும்பும்போது டாக்டர் நின்றாள்.

“நீ வாயே திறக்க வேண்டாம்மா. அவங்களே எழுதப் போனாங்க. நீ சும்மா இருந்திருந்தாப் போதும்.”

“ஆமா.”

“கிடைச்சிருக்கும் இல்ல?”

“கிடைச்சிருக்கும்” என்றாள் அண்ணி.

“அப்புறம் ஏம்மா?” அதுவரை பிடித்துவைத்திருந்த அழுகை அவளிடம் உடைந்தது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவள் கவலைப்படவில்லை. “எனக்குக் கிடைக்கட்டும்னு உனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோணலையா?”

அண்ணி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மகளின் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள்.

“தோணுச்சுடி. அதான் வாயைத் திறக்க எனக்கு அவ்வளவு நேரமாச்சு.”